16 வயதில் எழுதிய இழிசொல்லை எவ்வளவு காலம் சுமக்க வேண்டும்?

தங்கச்சி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி 2014இல், 16 வயதில், இரண்டு ஊர்களுக்கிடையே உதைபந்தாட்டப் போட்டி நடந்த அன்றிரவு, வென்ற அணிப் பெடியள் நின்று எடுத்த படத்துக்குக் கீழே பேஸ்புக்கில் அவர்களுடைய சாதியைச் சொல்லி ஒரு கொமென்ட் எழுதினார். இப்போது அவருக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்திருக்கிறது. நியமனக் கடிதத்தோடு அவர் நின்ற படம் வந்த அதே கிழமை யாரோ அந்தக் கொமென்டின் ஸ்கிரீன்ஷொட்டை ஊர் வட்ஸ்அப் குறூப்பில் போட்டுவிட்டார்கள். அது ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ் என்று சுற்றித் திரும்பவும் ஊருக்கு வந்துவிட்டது. பேசி முடித்த சம்பந்தம் குழம்பிப்போய்விட்டது. வேலையிலிருந்து நீக்கச் சொல்லி மேலிடத்துக்குக் கடிதம் எழுதுகிறார்கள். "ஒரு வரிக்கு ஆயுள் தண்டனையா அண்ணை? பொலிசுக்குப் போகலாமா? பேசாமல் வெளிநாட்டுக்கு அனுப்பிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆயுள் தண்டனை கூடாது. பொலிசுக்குப் போய் ஆகப்போவது ஒன்றுமில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பினாலும் இது கூடவே வரும். மூன்றுக்கும் காரணத்தைக் கீழே எழுதுகிறேன். அதற்கு முதல் ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். உங்கள் நீண்ட கடிதத்தில் தம்பி நித்திரை கொள்ளாதது, அம்மா சாப்பிடாமல் கிடப்பது, அப்பா கோயிலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டது எல்லாம் இருக்கின்றன. அந்தப் படத்தில் நின்ற பெடியளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர்களுக்கும் அன்று 16, 17 வயதுதான். சின்ன வயது என்ற நியாயம் எழுதியவருக்கு உண்டென்றால், அதை வாசித்துவிட்டு அடுத்த நாள் பள்ளிக்கூடம் போனவர்களுக்கும் உண்டு. இந்தப் பிரச்சினை தீருவதாக இருந்தால் அவர்களிடமிருந்துதான் தீரத் தொடங்கும். மற்ற எல்லாவற்றையும் இதை மனதில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் சாதியைச் சொல்லி ஏசுவது மற்ற ஏச்சுகளைப் போன்றதல்ல. மற்ற ஏச்சு ஏசியவனின் கோபத்தோடு ஆறிவிடும். இது கேட்பவனுடைய தகப்பனையும் பாட்டனையும் சேர்த்து இழுக்கிறது. எந்தக் கிணற்றில் அள்ளக்கூடாது, எந்த வாங்கில் இருக்கக்கூடாது, தேநீர்க் கடையில் எதில் ஊற்றித் தந்தால் வாங்கிக் குடிக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் வைத்திருந்த விதிகள் அத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. 1920களில் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பாடசாலைகளில் சம ஆசனமும் சம போசனமும் வேண்டும் என்று கேட்டபோது, எதிர்த்து நின்றவர்களில் படித்த பெரிய மனிதர்களும் இருந்தார்கள். 1957இல், சாதியைச் சொல்லிப் பொது இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. வந்த பிறகும் தேநீர்க் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் போராடித்தான் நுழைய வேண்டியிருந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் தேதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்குத் தீண்டாமையை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் பொலிசாரிடம் அடிவாங்கிக்கொண்டுதான் போனார்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசல் மாதக்கணக்கில் போராட்டக் களமாக இருந்தது. அந்த வாசலில் நின்றவர்களில் சிலர் இன்றைக்கும் நம்மிடையே பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அந்தப் பேரப்பிள்ளைகளில் ஒருவர் உங்கள் தம்பி கொமென்ட் எழுதிய படத்தில் நின்றிருக்கலாம். ஆகவே "விளையாட்டுக்கு எழுதினது, விடுங்கோ" என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது அந்தச் சொல்தான்.

மாவிட்டபுரம் என்றதும் ஒருவருடைய பெயர் நினைவுக்கு வரும். அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழையதை எவ்வளவு காலம் ஒருவர் மேல் வைத்திருக்கலாம் என்ற உங்கள் கேள்விக்கு அதில் ஒரு பாதிப் பதில் இருக்கிறது. சி. சுந்தரலிங்கம் பெரிய கல்விமான், கணிதப் பேராசிரியர், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இருந்தவர். எழுபது வயது கடந்த நிலையில் அவர் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே வரக்கூடாது என்று அந்தக் கோயில் வாசலில் நின்றார். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குற்றவாளியாகக் காணப்பட்டு அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கு அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அபராதம் சிறு தொகை, கட்டினால் முடிந்தது. ஆனால் அரை நூற்றாண்டு கழிந்தும் அவர் பெயரைச் சொன்னால் கணிதத்துக்கு முன் கோயில் வாசல்தான் பலருக்கு நினைவில் வருகிறது. இதில் அநியாயம் ஒன்றுமில்லை என்பது என் எண்ணம். அதிகாரமும் அறிவும் வயதும் இருந்த ஒருவர், விளைவு தெரிந்துகொண்டே, மற்றவருடைய வழியை மறித்து நின்றார். பொதுவாழ்வில் இருப்பவர் செய்ததை ஊர் மறக்காமல் வைத்திருப்பது ஊரின் உரிமை. அதே அளவுகோலை எடுத்து வந்து 16 வயதுப் பெடியன் எழுதிய ஒற்றை வரியில் வைப்பதைத்தான் நான் மறுக்கிறேன்.

அந்தப் பெடியன் அந்தச் சொல்லை எங்கே பழகினான் என்று கேட்கவும் வேண்டும். பாடப் புத்தகத்தில் அது இல்லை. முற்றத்தில் கதிரை போட்டு இருந்து பெரியவர்கள் கதைக்கும்போது, கலியாணப் பேச்சில் "அவை என்ன ஆக்கள்?" என்று குரலைத் தாழ்த்தி விசாரிக்கும்போது, கூலிக்கு வந்தவருக்குக் கோடிப்புறத்தில் வைத்துச் சாப்பாடு கொடுக்கும்போது பிள்ளைகள் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். பெரியவர்கள் எழுத்தில் வைப்பதில்லை, அதனால் பிடிபடுவதில்லை. பிள்ளை எழுதிவிட்டது, பிடிபட்டது. வீட்டில் இந்தக் கதை ஓடியதா இல்லையா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஓடியிருந்தால் தம்பி மட்டும் தலைகுனிந்து நிற்பது நீதியாகாது; அப்பாவும் மாமாவும் அவனோடு சேர்ந்து நிற்க வேண்டும்.

இனி அந்த ஸ்கிரீன்ஷொட்டைச் சுற்றவிட்ட கூட்டத்துக்கு வருவோம். ஊர்கூடி ஒருவரை அவமானப்படுத்துவதற்கு யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய வரலாறு உண்டு. நம்மில் மூத்தவர்களுக்கு அது கண்ணால் கண்டது. அரசியல் மேடைகளில் துரோகி, துரோகி என்று ஒருவரைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 1975 ஜூலை 27ஆம் தேதி யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் சுட்டுக் கொல்லப்பட்டார். எண்பதுகளில் ஆயுத இயக்கத்தினர் மின்கம்பங்களில் ஆட்களைக் கட்டிச் சுட்டார்கள். சுடப்பட்டவரின் கழுத்தில் ஒரு மட்டை தொங்கும். அதில் கையெழுத்தில் இரண்டு மூன்று வரிகள்: சமூக விரோதி, காட்டிக்கொடுத்தவர், திருடன். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளை மெதுவாக்கி அதை வாசித்துவிட்டுப் போனார்கள். குற்றச்சாட்டு எழுத இடம் இருந்தது. மறுமொழி எழுத இடம் இருக்கவில்லை. அந்த ஆளின் பிள்ளைகளை அந்த மட்டையில் இருந்த சொல்லால்தான் ஊர் பிறகு அடையாளம் சொன்னது.

ஸ்கிரீன்ஷொட் துவக்கு அல்ல. உங்கள் தம்பி ஒரு தவறான வரியை உண்மையிலேயே எழுதினார். மின்கம்பத்தில் நின்றவர்களில் பலர் எதுவும் செய்யாதவர்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் இறந்தவர்களுக்குச் செய்யும் அவமதிப்பாகிவிடும். ஆனாலும் இந்த மண்ணில் வளர்ந்தவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. மறுமொழிக்கு இடமில்லாத குற்றப்பத்திரிகை எவ்வளவு நியாயமான கோபத்திலிருந்து புறப்பட்டாலும், யார் கையில் போய்ச் சேரும், எங்கே நிற்கும் என்பதை எழுதியவரால் தீர்மானிக்க முடியாது. நீதிமன்றத் தண்டனைக்கு ஒரு முடிவுத் தேதி இருக்கிறது. கூட்டம் கொடுக்கும் தண்டனைக்கு அது இல்லை, ஏனென்றால் "போதும்" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

உலகத்தில் மற்ற இடங்களிலும் இதே சிக்கல்தான். 2013 டிசம்பரில் ஒரு பெண் இலண்டனில் விமானம் ஏறுமுன் ஆபிரிக்காவையும் எய்ட்ஸ் நோயையும் இணைத்து ருவிட்டரில் ஒரு மோசமான வரி எழுதினார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் ஏறக்குறைய 170 பேர்தான். 11 மணி நேரம் கழித்துக் கேப்டவுணில் இறங்கியபோது உலகமே அவரைத் திட்டிக்கொண்டிருந்தது, பின்னர் வேலையும் போய்விட்டது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு பெண்பிள்ளை 15 வயதில் கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லும் சொல்லோடு அனுப்பிய சில விநாடி வீடியோவை, இன்னொரு மாணவர் கையில் வைத்திருந்து, அவள் பல்கலைக்கழகத்தைத் தெரிவுசெய்த பிறகு 2020இல் வெளியிட்டார். அவள் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாமல் போனது. அதே பாடசாலையில் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன கறுப்பின மாணவர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை; பாடசாலை அவர்களுடைய முறைப்பாட்டைக் காதில் போட்டிருந்தால் ஒரு வீடியோவைப் பூட்டி வைத்துக் காத்திருக்கும் தேவை அந்த மாணவருக்கு வந்திருக்காது. இதை நம் அதிபர்மாருக்குத்தான் எழுதுகிறேன்.

உங்கள் தம்பிக்குச் சொல்லிக்காட்ட நல்ல கதை கிரிக்கெட்டில் இருக்கிறது. 2021 ஜூன் 2ஆம் தேதி ஒல்லி ரொபின்சன் என்ற வேகப் பந்துவீச்சாளர் இங்கிலாந்துக்காக முதல் டெஸ்ட் ஆட லோர்ட்ஸ் மைதானத்தில் இறங்கினார். பாகுபாட்டுக்கு எதிரான வாசகம் போட்ட சட்டையோடு அணி வரிசையாக நின்ற அதே நாளில், 2012, 2013இல் அவர் 18, 19 வயதில் எழுதிய இனவாத, பெண்களை இழிவுபடுத்தும் பதிவுகள் வெளியே வந்தன. அன்று மாலையே வந்து தான்தான் எழுதியது என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். போட்டியில் 7 விக்கெட் எடுத்தும் அடுத்த போட்டிக்கு நிறுத்திவைத்தார்கள். பிறகு ஒழுங்காக விசாரணை நடந்தது. எட்டுப் போட்டித் தடை, அதில் ஐந்து இரண்டு வருடங்களுக்கு ஒத்திவைப்பு, 3,200 பவுண்ஸ் அபராதம். ஏற்கெனவே ஆடாமல் விட்ட மூன்று போட்டிகள் கணக்கில் எடுக்கப்பட்டன. அந்த ஓகஸ்டில் இந்தியாவுக்கு எதிராக வந்து முதல் இன்னிங்சிலேயே ஐந்து விக்கெட் எடுத்தார். தண்டனை குறைவு என்றவர்களும் இருந்தார்கள், கூட என்றவர்களும் இருந்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: யார் தீர்மானிப்பது என்று ஒரு சபை இருந்தது, என்ன தண்டனை என்று எண்ணிச் சொன்னார்கள், முடிந்தபோது முடிந்தது.

அதைவிட அசீம் ரஃபீக்கின் கதை இன்னும் ஆழமானது. இங்கிலாந்தின் யோர்க்ஷயர் கிரிக்கெட் கழகத்தில் தன்னை இனவாதச் சொல்லால் வதைத்தார்கள் என்று 2021 நவம்பரில் பிரித்தானிய நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னவர் அவர். கழகத்தின் தலைமையே ஆட்டம் கண்டது. சில நாளிலேயே, 2011இல் அவரே யூதர்களை இழிவாகச் சொன்ன செய்திகள் வெளியாகின. அப்போது தனக்கு 19 வயது என்று சொன்னாலும், அதைக் காட்டி அவர் நியாயம் தேடவில்லை. தன் பதிவுதான், வெட்கப்படுகிறேன் என்றார். யூத சமூகத்தவரைத் தேடிப் போய்ச் சந்தித்தார். அவர் பட்ட அவமானம் அதனால் பொய்யாகிவிடவில்லை. அவர் செய்ததும் இல்லாமற் போய்விடவில்லை. அடிபட்டவனும் இன்னொருவனை அடித்திருக்கக்கூடும் என்பதை யாழ்ப்பாணத் தமிழர் நாம் ஆறுதலாக இருந்து யோசிக்க வேண்டும். நம்மை எப்படிச் சொல்லி ஏசினார்கள் என்று பட்டியல் வைத்திருக்கிறோம். 1990 ஒக்டோபர் 30ஆம் தேதி யாழ்ப்பாணத்திலிருந்து சில மணி நேரத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களையும், மலையக மக்களையும் நம் வாய் எப்படிச் சொல்லிக்கொண்டிருந்தது என்பதற்குப் பட்டியல் வைக்கவில்லை.

வயதைப் பற்றிச் சட்டம் சொல்வதையும் கேளுங்கள். இலங்கையில் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் குற்றவாளியாக்க முடியாது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் அந்த எல்லை 8 வயதாக இருந்தது. 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயம் 18 வயதுக்குக் குறைந்தவர் குற்றமே செய்திருந்தாலும் விசாரணையில் அவருடைய அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்கிறது. 16 வயதில் ஒருவன் களவெடுத்திருந்தால் பெயரை மறைத்து நடத்த வேண்டும் என்று சட்டம் எண்ணுகிறது. 16 வயதில் ஒரு கொமென்ட் எழுதியிருந்தால் முகத்தோடு, வீட்டு ஒழுங்கையோடு, தகப்பன் பெயரோடு போடலாம் என்று ஊர் எண்ணுகிறது. இந்த முரண் எனக்குப் பொறுக்கவில்லை.

பொலிசுக்குப் போகலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். யாழ்ப்பாண நீதிமன்றங்களில் வழக்காடியவன் என்ற முறையில் சொல்கிறேன், இதில் உங்களுக்குப் பெரிய பிடிமானம் இல்லை. குற்றவியல் அவதூறு 2002இல் நம் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. சிவில் வழக்குப் போடலாம் என்றால், ஸ்கிரீன்ஷொட் உண்மையானது. தம்பி எழுதியதைத்தான் காட்டுகிறார்கள். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்க் கூற்றுகளையும் தனிப்பட்ட தகவலை வெளியிட்டுத் துன்புறுத்துவதையும் பற்றியது. தம்பி தானே பகிரங்கமாக எழுதிய வரிக்கு அது கேடயமாகாது. 2022இல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அழிக்கக் கேட்கும் உரிமை இருக்கிறது, ஆனால் தனி ஆள் தன் சொந்தத் தேவைக்கு வைத்திருக்கும் தரவை அந்தச் சட்டம் விலக்கியிருக்கிறது. ஐரோப்பாவில் 2014இல் ஸ்பெயின்காரர் ஒருவர் கூகுளுக்கு எதிராக வென்ற தீர்ப்புக்குப் பிறகு, பெயரைத் தேடும்போது வரும் பழைய இணைப்புகளை நீக்கக் கேட்கலாம். வட்ஸ்அப்பில் சுற்றும் படத்துக்கு அதுவும் உதவாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. யாராவது அந்தக் கொமென்டை மாற்றி, அவர் எழுதாததைச் சேர்த்திருந்தால், அல்லது வீட்டு விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் போட்டு மிரட்டினால், உடனே முறைப்பாடு கொடுங்கள். அதற்கு ஆதாரமாக எல்லாவற்றையும் தேதியோடு சேமித்து வையுங்கள். மற்றபடி, சொல்லுக்குச் சட்டத்தைக் கூப்பிடும்போது கவனம் வேண்டும். மன்னார்க் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் 2017இல் வெளியிட்ட தமிழ்க் கவிதைகளைத் தீவிரவாதம் என்று பிழையாக வாசித்து 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில், விடுதலை 2023 டிசம்பரில். பழைய எழுத்தை இடம் மாற்றி வாசிக்கும் அதிகாரத்தைப் பொலிசிடம் கொடுத்தால் அது யார் மேல் பாயும் என்பதை இந்தத் தீவில் தமிழ் பேசுகிறவர்கள் அறிவார்கள்.

வெளிநாடு பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. ஸ்கிரீன்ஷொட்டைப் பெரிதாகச் சுற்றவிட்டதே புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கத்து ஆட்கள்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் போய் இறங்குமுன் அது அங்கே இருக்கும். அமெரிக்க விசா விண்ணப்பத்தில் 2019இலிருந்து கடந்த ஐந்து வருடங்களில் பாவித்த சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கிறார்கள். 2025 ஜூனிலிருந்து மாணவர் விசாவுக்குக் கணக்கைப் பொதுவாகத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள்.

பழைய கொமென்டை அழிக்கலாம், அழிக்கவும் வேண்டும்; ஆனால் இன்றைக்கே வேண்டாம். பேஸ்புக்கில் செயற்பாட்டுப் பதிவு என்ற பகுதிக்குப் போய் வருடத்தைத் தெரிவுசெய்தால், மற்றவர் படத்துக்குக் கீழே தான் எழுதிய கொமென்டும் வரும். முதலில் அதையும், அதற்கு முன்னும் பின்னும் மற்றவர்கள் எழுதியதையும் பிரதி எடுத்து வையுங்கள். தம்பி தன் தவறை ஒப்புக்கொண்ட பிறகு நீக்கட்டும். ஒப்புக்கொள்ளுமுன் நீக்கினால் மறைக்கப் பார்த்தான் என்ற இரண்டாவது குற்றச்சாட்டு வரும்.

ஒப்புக்கொள்வது எப்படி என்பதில்தான் அனேகமானோர் சறுக்குகிறார்கள். நீங்கள் எனக்கு அனுப்பிய வரைவில் இப்படி இருக்கிறது: "எனது பழைய பதிவினால் யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன். என் கணக்கு அப்போது வேறு சிலராலும் பாவிக்கப்பட்டது. என்னை வளரவிடாமல் தடுக்கும் சிலரின் சதி இது." இதைத் தயவுசெய்து போட வேண்டாம். புண்பட்டிருந்தால் என்று ஏன் சந்தேகம்? புண்பட்டவர்கள் படத்தில் முகத்தோடு நிற்கிறார்கள். கணக்கை வேறு ஆட்கள் பாவித்தார்கள் என்பது பொய்யென்றால் இந்த ஒரு வரியே அவருடைய வேலையைக் கெடுக்கப் போதும். பதினாறு வயதுத் தவறை மன்னிக்கத் தயாராக இருக்கும் ஆட்களும் இருபத்தேழு வயதுப் பொய்யை மன்னிக்க மாட்டார்கள். சதி என்ற சொல் மூன்றாவது அடி.

இப்படி எழுதட்டும்: "2014இல் இந்த வரியை நான்தான் எழுதினேன். அந்தப் படத்தில் நின்றவர்களைச் சாதி சொல்லி இழிவுபடுத்தினேன். தோற்ற கோபத்தில் எழுதினேன் என்பது காரணம், நியாயம் அல்ல. அவர்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்க விரும்புகிறேன். சந்திக்க விரும்பாவிட்டால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன். எனக்காக யாரும் அவர்களோடு வாதாட வேண்டாம்." இவ்வளவு போதும். கடைசி வரி மிக முக்கியம். உங்கள் சொந்தக்காரர் யாராவது அதன் கீழே வந்து "அவங்கள் மட்டும் திறமோ" என்று எழுதினால் முழு மன்னிப்பும் வீணாகிவிடும்.

பிறகு ஆட்களைத் தேடிப் போக வேண்டும். வடமராட்சியில் ஒரு பாடசாலை விவகாரத்தில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சாதாரண தரம் எழுதவிருந்த ஒரு பெடியன் வகுப்புத் தோழியின் தகப்பன் செய்யும் தொழிலைச் சொல்லி இழிவாகப் பேசிய குரல் பதிவு வகுப்புக் குறூப்பில் போய்விட்டது. பெடியனின் பெற்றோர் பழத்தட்டோடு அந்த வீட்டுக்குப் போனார்கள். தகப்பன் தட்டைத் தொடவில்லை. மரியாதையாக இருக்கச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "உவன்ரை படிப்பைக் கெடுக்கிறது எனக்கு வேண்டாம். இரகசியமா வீட்டை வந்து கேட்கிற மன்னிப்பும் வேண்டாம். அவன் அதைச் சொன்னது வகுப்பு முழுக்கக் கேட்டது. மன்னிப்பும் வகுப்பு முழுக்கக் கேட்கட்டும், என்ரை பிள்ளை அங்கை இருக்கேக்கை." அடுத்த திங்கள் பெடியன் வகுப்பின் முன்னால் நின்று சொன்னான். பிள்ளை அவனைப் பார்க்கவில்லை, அவனோடு பிறகு கதைக்கவும் இல்லை. கதைக்க வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. பரீட்சையை இருவரும் ஒரே மண்டபத்தில் எழுதினார்கள். அந்தத் தகப்பன் கேட்டதில் அளவு இருந்தது. வீட்டு முற்றத்தில் கேட்கும் மன்னிப்பு எத்தனை பேருக்குத் தெரியும், யாருடைய மானத்தைக் காக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆகவே தம்பி போகும்போது கமரா வேண்டாம். கையைப் பிடித்து நிற்கும் படத்தைப் பேஸ்புக்கில் போட்டால் அந்தப் பெடியளை இரண்டாம் முறை பாவித்ததாகிவிடும். இடத்தை அவர்கள் சொல்லட்டும்: விளையாட்டுக் கழகமோ, வாசிகசாலையோ. மூன்றாம் ஆள் இருந்தால் நல்லது என்று அவர்கள் நினைத்தால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்தது, அந்தப் பகுதி ஆட்களே இருந்து பேசித் தீர்ப்பது, எங்களைப் போன்ற சட்டத்தரணிகள் அங்கே தோன்றி வாதாட முடியாது என்பதே அதன் பெரிய நன்மை. ஏசினாலும் தம்பி கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும். மன்னிக்காவிட்டாலும் திரும்பி வர வேண்டும், திரும்ப ஒருமுறை போய்க் கெஞ்சக்கூடாது. மன்னிப்பது அவர்கள் உரிமை. அவர்கள் மன்னித்தால்தான் தன் வாழ்க்கை தொடங்கும் என்று அந்தப் பாரத்தையும் அவர்கள் தலையில் ஏற்றக்கூடாது.

வேலை விடயம். ஆசிரியர் வேலை என்பதால் ஊர் கேட்கும் கேள்வியில் ஒரு பகுதி நியாயமானது. இவருடைய வகுப்பில் அந்த ஊர்ப் பிள்ளைகளும் இருப்பார்கள். இவர் அவர்களை எந்தக் கண்ணோடு பார்ப்பார் என்று தாய் தகப்பன் கேட்கத்தான் செய்வார்கள். அதற்குப் பதில் இன்றைய நடத்தையில்தான் இருக்கிறது. 2014க்குப் பிறகு இப்படி எதையாவது எழுதினாரா, கற்பித்த இடத்தில் யாராவது முறையிட்டார்களா என்று பார்க்கலாம், ஒரு காலத்துக்குக் கவனித்துப் பார்க்கலாம். அவற்றில் குறை இல்லையென்றால் வேலையைப் பறிப்பதால் அந்தப் பெடியளுக்கு ஒரு சதமும் கிடைக்கப்போவதில்லை. கடிதம் போய்ச் சேருமுன் தம்பியே அதிபரைச் சந்தித்து நடந்ததைச் சொல்லி, எழுத்திலும் கொடுக்கட்டும். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து கேட்டால் அதே விடயத்தை அதே சொற்களில் சொல்லட்டும். ஆளுக்கொரு கதை வேண்டாம். அரசியல்வாதியைப் பிடித்து இடமாற்றம் எடுக்கும் யோசனை உங்கள் மாமா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது வேண்டவே வேண்டாம். இடம் மாறிய பாடசாலைக்கு ஸ்கிரீன்ஷொட் அவருக்கு முன்னால் போய்விடும், இம்முறை செல்வாக்கால் தப்பினவர் என்ற பெயரோடு.

சம்பந்தம் பற்றிக் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். பெண் வீட்டார் என்ன காரணத்துக்காகப் பின்வாங்குகிறார்கள் என்று முதலில் அறியுங்கள். தம்பி எழுதியது பிழை என்று அந்தப் பிள்ளை நினைத்தால் அது நல்ல மனது. அவளிடம் தம்பி தானே நேரில் போய், தரகரோ பெரியம்மாவோ நடுவில் இல்லாமல், எழுதியதையும் இப்போது என்ன நினைக்கிறார் என்பதையும் சொல்லட்டும். முடிவை அவள் எடுக்கட்டும். ஊர் வாயில் விழுந்துவிட்டார்கள் என்பதுதான் காரணமென்றால் அவசரப்பட்டு யாரையும் சமாதானப்படுத்த அலையாதீர்கள். இந்தக் கிழமை செய்ய வேண்டியது அந்தப் படத்தில் நின்றவர்கள் இன்றைக்கு யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தேடுவது. இரண்டொருவர் வெளிநாட்டில் இருக்கக்கூடும். அவர்களுக்குத் தம்பி தொலைபேசியில் பேசட்டும். குரல் பதிவு அனுப்ப வேண்டாம், அதுவும் நாளைக்குச் சுற்றும்.